முக்கொம்பை மின்னூலாக்குவது எப்படி?

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ் இலக்கிய மாணவர்களுக்குக் ‘கணினித் தமிழ்’ என்றோ ‘இணையத் தமிழ்’ என்றோ ஒரு தாள் இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து அலகுகள். கணினி வளர்ந்த கதையில் தொடங்கி, இணையம் வந்த கதை, எழுத்துருக்கள், தேடுபொறிகள் என்று போய், மின்னூலும் மின்னிதழும் கடைசி அலகில் வந்து நிற்கும். பருவத் தேர்வு நெருங்கும்போதுதான் நாம் அந்த அலகைத் தொடுவோம். ‘மின்னூலின் பயன்கள் யாவை?’ என்ற கேள்விக்கு விடை எழுதிப் பழகத்தான் நேரம் இருக்கும். ஒரு மின்னூலைக்கூடத் திறந்து பார்க்காமல் அந்த விடைக்கு முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. பருவத்தின் முதல் வாரத்திலேயே ‘இந்த வகுப்பு ஒரு மின்னூல் வெளியிடப் போகிறது’ என்று அறிவித்துவிடுங்கள். தட்டச்சு, தேடல், எழுத்துரு, பதிப்புரிமை எல்லாம் அந்த நூலுக்குத் தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாக உள்ளே வரட்டும். தன் பெயர் போட்டு ஊர் முன்னால் வைக்கப்போகும் பக்கத்துக்காகத் தேடுகிறவர், தேடுபொறி தரும் முதல் விடையோடு நிற்க மாட்டார். வெளியிடும் பொறுப்பு வந்தபிறகுதான் இணையத்தைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

நூலுக்குப் பொருள் வேண்டும். டவுன் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் சொல்வதைக் கண்ணால் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே காரணம். திருச்சி, ஸ்ரீரங்கம் மாணவர்களுக்கு முக்கொம்பைவிட நல்ல பொருள் கிடைக்காது. நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடும். காவிரி அங்கே பிரிந்து கொள்ளிடம் புறப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவாகிறது. ஆற்றின் வரலாறு, பாசனம், கட்டுமானம், ஆடிப்பெருக்குக் கூட்டம், மீன்கடைகள், 2018-இல் மதகுகள் உடைந்தது என்று வகுப்பில் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேலை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் இந்த அத்தியாயத்தில் முக்கொம்பு என்று வரும் இடங்களில் தங்கள் ஊர் ஏரியையோ சந்தையையோ வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

தேடல்

முதல் பயிற்சியாக எல்லோரையும் ‘முக்கொம்பு’ என்று தேடச் சொல்லுங்கள். சுற்றுலாப் பக்கங்களாக வந்து குவியும். பூங்கா உண்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும், குழந்தைகள் விளையாடலாம் என்று ஒரே செய்தியைப் பல பக்கங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். அடுத்ததாக ‘மேலணை’ என்று தேடச் சொல்லுங்கள். அதே இடம்தான், ஆனால் பாசனம் பற்றிய பக்கங்கள் தலைகாட்டும். ஆங்கிலத்தில் ‘அப்பர் அணைக்கட்’ என்றும், கொள்ளிடத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய ‘கோலரூன்’ என்ற பெயரிலும், திருச்சியின் பழைய ஆங்கிலப் பெயரான ‘ட்ரிச்சினாப்பொலி’ என்பதிலும் தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்கள் மேலே வரும். லூயிஸ் மூர் தொகுத்த 1878-ஆம் ஆண்டின் திருச்சி மாவட்டக் கையேடும், ஹெமிங்வே எழுதிய 1907-ஆம் ஆண்டின் மாவட்ட விவரச்சுவடியும் அப்படித் தேடுகிறவர்கள் கைக்குத்தான் அகப்படும். ஒரே ஊருக்கு எத்தனை பெயர், எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுவதே தேடலின் முதல் பாடம். திருவரங்கம், ஸ்ரீரங்கம், சீரங்கம் மூன்றும் தேடுபொறிக்கு மூன்று சொற்கள்.

ஸ்ரீரங்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘ஸ்ரீ’ என்ற வடிவத்தை யுனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம். ஸகரத்தில் புள்ளி வைத்து, ரகரமும் ஈகாரக் குறியும் சேர்ப்பது ஒரு வழி. 2005-இல் யுனிகோடின் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்து தமிழ்ப் பகுதியில் சேர்க்கப்பட்டது. அதில் புள்ளி வைத்து மற்ற இரண்டையும் சேர்ப்பது இரண்டாவது வழி. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. கட்டுரையில் ஒரு மாணவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் மற்றவிதமாகவும் அடித்திருந்தால், முடிந்த நூலில் ‘ஸ்ரீரங்கம்’ என்று தேடும் வாசகருக்குப் பாதி இடங்கள் அகப்படாது. சோதிப்பது எளிது. நோட்பேடில் அந்த எழுத்தை ஒட்டி வலப்பக்கம் சுட்டியை வைத்து, பின்னழிப்பு விசையை மூன்று முறை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். முதலில் ஈகாரக் குறி போகும், பிறகு ரகரம், பிறகு புள்ளி. எஞ்சி நிற்பது ஸ-வா ஶ-வா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எதை வைத்துக்கொள்வது என்று வகுப்பு ஒரு முடிவெடுத்து, நூல் முழுக்க ‘கண்டறிந்து மாற்று’ வசதியால் ஒரே வடிவமாக்கிவிடுங்கள். நான் பரவலாகப் புழங்கும் ஸகர வழியையே எடுத்துக்கொள்வேன். வாசகர் பெரும்பாலும் அதைத்தான் தட்டுவார்.

தேடிக் கிடைத்ததை நம்புவது அடுத்த கேள்வி. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்துகொண்டே போனதால் நீர் அந்தப் பக்கமே சாய்ந்தது. காவிரிக் கிளையில் மணல் மேடிட்டுத் தஞ்சைப் பாசனத்துக்கு நீர் குறைந்தது. இதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். விஷயம் இவ்வளவுதான். ஆனால் அதே காட்டன் காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. இரண்டுக்கும் இடையில், தீவு முடிகிற பக்கத்தில், கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை இருக்கிறது. மூன்று அணைகள், ஒரே ஆறு, ஒட்டிய பெயர்கள். ஒன்றின் ஆண்டை இன்னொன்றுக்குப் போட்டு எழுதுவது இணையத்தில் சர்வ சாதாரணம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இந்தக் குழப்பத்துக்கு விலக்கில்லை. தவறையும் தங்குதடையில்லாத தமிழில் சொல்லிவிடும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

வகுப்புக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். ஆண்டு, அளவு, பெயர் மூன்றில் எது வந்தாலும் ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள் வேண்டும். ஐந்து பக்கங்கள் ஒரே வாக்கியத்தை ஒரே சொற்களில் சொன்னால் அது ஐந்து சான்று ஆகாது. ஒருவரைப் பார்த்து மற்றவர் ஒட்டியது. எங்கே முதலில் எழுதப்பட்டது என்று பின்னோக்கிப் போக வேண்டும். செய்திகளிலும் இது பொருந்தும். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடத்தின் மதகுகள் உடைந்தபோது, சேதம் கூடக்கூடச் செய்திகளில் எண்ணிக்கையும் கூடியது. கடைசியில் 45 மதகுகளில் ஒன்பது போயிருந்தன. முதல் மணி நேரச் செய்தியை எடுத்து எழுதியவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர் எழுதியது முழுமையும் இல்லை. செய்தியின் தேதியை மட்டுமல்ல, நேரத்தையும் பார்க்கப் பழக்குவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இல்லை.

எடுத்த ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தின் முகவரியையும் பார்த்த தேதியையும் ஒரு விரிதாளில் குறித்து வையுங்கள். பக்கங்கள் காணாமல் போகும். இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ பகுதியில் முகவரியைக் கொடுத்து ஒரு நகலைச் சேமித்து, அந்த நகலின் முகவரியையும் பக்கத்திலேயே எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு யாராவது ‘இது எங்கே இருந்தது?’ என்று கேட்டாலும் காட்டலாம்.

தமிழில் தேட வேண்டிய இடங்களையும் மாணவர்களுக்கு அறிமுகம் செய்துவையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, அதன் உடன்பிறப்பான விக்கிமூலம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் தளம். இவை எல்லாமே இலவசம். பல மாணவர்கள் யூடியூப் தாண்டி வந்ததில்லை என்பதால் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கே கொடுத்தாலும் தகும்.

முக்கொம்புக்குப் போவது

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போங்கள். மதகுப் பகுதியில் படம் எடுக்க நீர்வளத்துறையினரிடம் கேட்டுக்கொள்வது மரியாதை, பாதுகாப்பும்கூட. அணையில் நீர் திறக்கும் காலத்தில் ஆற்று மணலில் இறங்கக் கூடாது. படத்துக்காக என்றால் அறவே கூடாது. ஆசிரியர் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

பேசுகிறவர்களிடம் கைப்பேசியில் பதிவு செய்யும் முன் ‘இது நூலில் வரும், உங்கள் பேர் போடலாமா?’ என்று கேட்டு, அந்தச் சம்மதத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ‘பேர் வேணாம் தம்பி’ என்று சொன்னால் ஊரையும் தொழிலையும் மட்டும் எழுதலாம். எலமனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ‘தண்ணி வுட்டாங்க’ என்று சொன்னதை ‘நீர் திறக்கப்பட்டது’ என்று மாற்றாதீர்கள். வாய்மொழியை வாய்மொழியாகவே எழுதுவதுதான் தமிழ்த்துறை மாணவர் இந்த நூலுக்குத் தரக்கூடிய தனிச்சிறப்பு.

படங்களை எடுத்தவர் பெயர், தேதி, நின்ற இடம் மூன்றையும் அன்று மாலையே எழுதிவிடுங்கள். மறுநாள் எந்தப் படம் காவிரிப் பக்கம், எந்தப் படம் கொள்ளிடப் பக்கம் என்று குழப்பம் வரும்.

தட்டச்சும் எழுத்தும்

தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குவதா, ஆங்கில எழுத்தில் ஒலி பார்த்து அடிப்பதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் விவாதம் வரும். ‘முக்கொம்பு’ என்று அடிக்க இரண்டிலும் எட்டுத் தட்டுகள்தான். தமிழ்99-இல் ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக வரும். மகரத்தை அடுத்துப் பகரம் வந்தால் அங்கேயும் அப்படியே. தட்டுகளின் கணக்கில் பெரிய லாபமில்லை என்றாலும் நான் தமிழ்99 பக்கம்தான். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை இருப்பதால், எது வேண்டும் என்று எழுதுகிறவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். கைப்பேசிச் செயலிகள் ஒலி பார்த்துச் சொல்லைத் தாமே ஊகித்துத் தரும்போது அந்த முடிவு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. ‘அணை’ கேட்ட இடத்தில் ‘அனை’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான இந்த விசைப்பலகை இப்போதைய விண்டோஸில் கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. நாள்தோறும் கொஞ்ச நேரம் என்று பழகினால் பருவம் முடிவதற்குள் கை பழகிவிடும்.

துறையில் பழைய கட்டுரைகள் இருக்கும். பாமினியிலோ வானவில்லிலோ டிடிபி கடையில் அடித்து வாங்கியவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். உண்மையில் கோப்புக்குள் இருப்பது அந்த ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் அந்தக் கட்டுரையைத் திறந்தால், அவர் காதில் பொருளற்ற ஆங்கில ஒலிதான் விழும். யுனிகோடில் இருந்தால் அதே கட்டுரை தமிழில் ஒலிக்கும். யுனிகோடு ஏன் வேண்டும் என்று தேர்வுக்குப் பத்துக் காரணம் எழுத வைப்பதைவிட, இந்த இரண்டு கோப்புகளையும் வகுப்பில் ஒருமுறை ஒலிக்கவிடுங்கள். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது.

பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் கையால் எழுதுவதுபோல ஒற்றைக்கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய்யை அடித்து, கடைசியில் காலை அடிப்போம். யுனிகோடில் மெய் முதலில் வரும், உயிர்க்குறி பிறகு. மாற்றி அந்த வரிசையைச் சரியாகத் திருப்பாவிட்டால் கொம்பு தனியாகப் புள்ளிவட்டத்தோடு நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் தொல்லை. ‘முக்கொம்பு’ ஐந்து எழுத்து. யுனிகோடில் பத்துக் குறியீடுகள். ஆனால் ‘கொ’-வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். இரண்டாக வைத்தால் மொத்தம் பதினொன்று. திரையில் வேறுபாடே தெரியாது. எளிய உரைத்திருத்திகளில் தேடும்போது மட்டும் ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. ‘கௌ’ என்ற எழுத்தில் இன்னும் மோசம்: கொம்பு, மெய், ளகரம் மூன்றையும் அடித்து ‘கெள’ என்று வைத்துவிடுகிறோம். அச்சில் பார்த்தால் ஏறக்குறைய சரி. தேடலிலும் ஒலிப்பிலும் அது வேறு சொல்.

அச்சு நூலிலிருந்து எடுக்க வேண்டியதைத் தட்டச்சு செய்ய வேண்டாம். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி கூகுள் டாக்ஸாகத் திறந்தாலே ஒளியுணரி எழுத்தாக்கித் தரும். தெளிவான அச்சில் நன்றாகவே வரும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’, ‘றா’, ‘னா’ போன்றவை பழைய வடிவங்களில் இருப்பதால் அங்கே அதிகம் தடுக்கும். காலும் ரகரமும் இடம் மாறுவது எந்த நூலிலும் நடக்கும்.

அதனால் மெய்ப்பு. மதுரைத் திட்டம் திருக்குறளைத் தன் முதல் வெளியீடாகக் கொண்டு வந்த காலத்திலிருந்தே, உலகின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சையும் மெய்ப்பையும் பகிர்ந்துகொண்டு செய்துவருகிறார்கள். ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. வகுப்பிலும் அப்படியே செய்யுங்கள். ஒரு பக்கத்தை அடித்தவர் அதற்கு மெய்ப்புப் பார்க்கக் கூடாது. இருவர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க மற்றவர் திரையைப் பார்ப்பது மெதுவான வழிதான். ஆனால் விட்டுப்போன வரி அதில்தான் அகப்படும்.

யாருடைய எழுத்து, யாருடைய படம்

ஸ்ரீரங்கம் பற்றி எழுதும் மாணவர் கட்டாயம் சுஜாதாவிடம் போவார். போக வேண்டும். ஆனால் அவர் கதையிலிருந்து நான்கு பக்கங்களை எடுத்து நம் நூலில் சேர்க்கலாமா? கூடாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். சுஜாதா 2008-இல் மறைந்தார். ஆகவே அவர் எழுத்துகள் 2068 முடியும்வரை உரிமை உடையவை. வாட்ஸாப்பில் சுற்றும் பிடிஎஃப் யாரோ அனுமதியில்லாமல் ஒளியச்சு எடுத்தது. அது நம் கையில் இருப்பதால் நமக்கு உரிமை வந்துவிடாது. விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டவும், நூலைப் பற்றி எழுதவும் தடையில்லை.

மாறாக, மேலே சொன்ன 1878, 1907 ஆண்டுகளின் ஆவணங்கள் அரசு வெளியீடுகள். அறுபது ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றை மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பின்னாளைய பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அந்தக் கணக்கில் வராது. மாணவர்கள் இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

கூகுள் படத்தேடலில் கிடைத்த எதையும் போடாதீர்கள். விக்கிமீடியா காமன்ஸில் உள்ள படங்களை, அங்கே எழுதியிருக்கும் உரிமத்தின்படி, எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். அதைவிட நல்லது, மாணவர்கள் எடுத்த படங்களை அங்கே ஏற்றுவது. முக்கொம்பின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளை நீங்கள் எடுத்த படம் நாளை யாரோ ஒருவரின் பாடநூலில் உங்கள் பெயரோடு வரும்.

நம் நூலுக்கும் உரிமம் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றை வகுப்பு கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கட்டும். பெயர் குறிப்பிட்டு யாரும் பகிரலாம், மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற வகையே கல்லூரி நூலுக்குப் பொருத்தமாக எனக்குப் படுகிறது. எழுதிய ஒவ்வொருவரும் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட்ட தாள் துறையில் இருக்க வேண்டும்.

நூலைக் கட்டுவது

மின்னூல் என்றதும் வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிவிடுவதுதான் வழக்கம். ஏ4 அளவுப் பிடிஎஃபைக் கைப்பேசியில் படிக்கிறவர் வரிக்கு வரி திரையை இடமும் வலமும் தள்ள வேண்டும். இபப் என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்து திரைக்கு ஏற்ப ஓடிப் பொருந்தும். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி உடையாது. அச்செடுக்க வேண்டியவர்களுக்குப் பிடிஎஃபும் கொடுங்கள், ஆனால் இபப்தான் முதன்மை.

இபப் கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள பின்னொட்டை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு இது பெரிய வியப்பு. உள்ளே ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு வலைப்பக்கமாக இருக்கும். படங்கள் ஒரு கோப்புறையில், எழுத்துரு இன்னொன்றில். எந்த அத்தியாயம் முதலில் வரும், நூலின் பெயர் என்ன, மொழி என்ன என்று சொல்லும் கோப்பு ஒன்று தனியாக இருக்கும். ‘மைம்டைப்’ என்ற சின்னக் கோப்பில், இது இபப் என்று அறிவிக்கும் ஒரே வரி இருக்கும். வலைப்பக்கம் செய்யத் தெரிந்தவருக்கு மின்னூல் செய்யத் தெரியும் என்பது அந்தக் கணத்தில் புரிந்துவிடுகிறது.

லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் எழுதி அங்கிருந்தே இபப்பாக ஏற்றுமதி செய்யலாம். முன்நிபந்தனை ஒன்று: தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கி வைத்தால் போதாது, ‘தலைப்பு 1’, ‘தலைப்பு 2’ என்ற பாணிகளைக் கொடுக்க வேண்டும். பொருளடக்கம் அவற்றிலிருந்துதான் தானாக உருவாகும். பிறகு சிகில் மென்பொருளில் திறந்து மொழி ‘தமிழ்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆங்கிலம் என்று இருந்தால் சில படிப்பிகள் நம் நூலை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். இபப்செக் கருவி பிழைகளைப் பட்டியலிடும். பட்டியல் காலியாகும்வரை திருத்துங்கள்.

இருபுறமும் சமமாக வரி நிரப்பும் பழக்கத்தை மின்னூலில் விட்டுவிடுங்கள். ‘திருச்சிராப்பள்ளியிலிருந்து’ என்ற ஒற்றைச் சொல் கைப்பேசித் திரையில் பாதி வரிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அது அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டால் முந்தைய வரியில் மிஞ்சும் இரண்டு சொற்கள் ஆளுக்கொரு ஓரமாக நிற்கும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்தால் போதும். எழுத்துருவை நூலோடு சேர்த்து வைப்பதானால் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற திறந்த உரிம எழுத்துருக்களையே எடுங்கள். டிடிபி கடையில் கிடைக்கும் எழுத்துருவைச் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. படங்களின் அகலத்தை 1200 புள்ளிக்குள் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் இறங்கவே நேரம் பிடிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள்: ‘முக்கொம்பு’ என்று மட்டும் எழுதாமல், ‘கொள்ளிடத்தின் மதகுகள், தென்கரையிலிருந்து, நீர் குறைவாக ஓடுகிறது’ என்று, படத்தைப் பார்க்க முடியாதவர் மனத்தில் அது தெரியும்படி.

வெளியிட்ட பின்

எங்கே வெளியிடுவது? கல்லூரி நூலகத்தின் பக்கத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் முதலில் ஏற்றுங்கள். 2013 முதல் இயங்கும் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள தமிழ் நூல்களை வெளியிடுகிறது. அவர்களுக்கு அனுப்பினால் தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள வாசகரும் கிடைப்பார். அமேசான் கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் வருகின்றன. விலை வைத்து விற்க நினைக்கும் தனி எழுத்தாளருக்கு அது நல்ல வழி. வகுப்பு நூலுக்கு அந்த அவசரம் வேண்டாம். ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை கட்டணமின்றித் தருகிறது. கல்லூரியே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். கிடைக்கத் தாமதமானால் அதற்காக வெளியீட்டை நிறுத்தி வைக்காதீர்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுத வேண்டும், ஆனால் எதை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அச்சிலோ நம்பகமான தளத்திலோ வந்த தகவல், சான்றோடு அங்கே போகலாம். எலமனூர் விவசாயி உங்களிடம் மட்டும் சொன்னது அங்கே ஏற்கப்படாது. அதற்குரிய இடம் உங்கள் நூல்தான்.

நூலின் முதல் பக்கத்தில் ‘பதிப்பு 1.0’ என்றும் வெளியிட்ட தேதியும் போடுங்கள். கீழே துறையின் மின்னஞ்சல் முகவரி, தனிமனிதர் முகவரி வேண்டாம். பிழை சுட்டி மடல்கள் வரும். ஊர்க்காரர்கள் சரியாகவே சுட்டுவார்கள். வந்தவற்றை ஒரு பட்டியலில் சேர்த்து வையுங்கள். மூலக் கோப்புகள், பதிவுகள், பெரிய அளவுப் படங்கள், சம்மதத் தாள்கள், சான்று விரிதாள் அனைத்தும் துறையின் பெயரில் உள்ள ஒரு கணக்கிலும் ஒரு வன்தட்டிலும் இருக்கட்டும். படித்து முடித்துப் போகும் மாணவரின் கைப்பேசியில் மட்டும் இருந்தால் அவரோடு அதுவும் போய்விடும். அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு முதல் வாரத்தில் கொடுக்க வேண்டிய வேலை அந்தப் பிழைப் பட்டியல்தான்: ஒவ்வொன்றையும் சரிபார்த்து, திருத்தி, 1.1 என்று வெளியிட்ட பிறகே அவர்கள் தங்கள் சொந்த நூலைத் தொடங்கட்டும்.